மலரிடை எழுந்த மங்கை



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறிய பீங்கான் சிலையாகும். அதன் உயரம் ஓரடிக்குச் சற்றே மேற்படும். தலையும் கழுத்தும் தோள்களும் மார்பின் மேற்பகுதியும் மட்டுமே கொண்ட மார்பளவுச் சிலை அது. இளநங்கை ஒருத்தி தலையைச் சிறிது சாய்த்து, விழிகளைத் தாழ்த்தி, யாதோ ஒன்றை எண்ணியவளாய் இருக்கின்றாள். நடுவே வகிரப்பெற்ற கூந்தல் நெளிநெளியாக இருமருங்கும் இறங்கிப் பிடரியிற் சேர்கின்றது. சில குழற்கற்றைகள் அவிழ்ந்து கழுத்தின்மீது விழுந்துள்ளன. மெல்லிய ஆடை ஒரு தோளினின்றும் நழுவியிருக்கின்றது. இவ்வளவில் நின்றிருப்பின் பல சிலைகளுள் இதுவும் ஒன்றென்று கருதி அப்பாற் செல்வோம். ஆயின், மார்பு முடிகின்ற இடத்தில் மலரொன்றின் இதழ்கள் வட்டமாக விரிந்து அவளைச் சூழ்ந்திருக்கின்றன. அவள் அம்மலரினின்றும் மேலெழுகின்றாளா, அன்றி அம்மலராகவே மாறிக்கொண்டிருக்கின்றாளா என்பது காண்பார்க்கு எளிதிற் புலனாவதில்லை.

இச்சிலையிலே சி. டெல்பெஷ் என்னும் பெயரும் 1855 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஸ்ரோக் நகரிலே கோப்லண்ட் குடும்பத்தார் நடாத்திய பீங்கான் தொழிற்சாலையில், இலண்டன் கலைச்சங்கத்தின் பொருட்டு இது செய்யப்பட்டது. சிலையின் பெயர் கிளித்தி. ஆங்கிலேயர் கிளைட்டீ என உச்சரிப்பர். ஓவித் என்னும் உரோமப் புலவன் பாடிய நீரரமகள் ஒருத்தியின் பெயர் அது. டெல்பெஷ் இவ்வடிவத்தைத் தம் கற்பனையிலிருந்து படைத்தாரல்லர். பிரித்தானிய நூதனசாலையில் உள்ள, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கூறப்படும் சலவைக்கற் சிலையொன்றைப் பார்த்தே இதனைச் சமைத்தார். ஆகையால் இதனைப் பிரதி என்று ஒரு சொல்லிற் கூறி முடித்துவிடுதல் எளிது. அச்சொல் இச்சிலைக்குப் போதாது என்பதே என் கருத்து. ஏன் போதாது என்பதை விளக்குதற்கு அச்சலவைக்கல்லின் வரலாற்றிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

லங்காஷயரைச் சேர்ந்த சாள்ஸ் டவுண்லி என்னும் செல்வர் இத்தாலியிற் பயணஞ் செய்த காலத்து, நேப்பிள்ஸ் நகரிலே லொரென்சானோ குடும்பத்தாரிடமிருந்து 1772ஆம் ஆண்டில் அச்சிலையை விலைக்கு வாங்கினார். டவுண்லி கத்தோலிக்கர். அக்கால ஆங்கிலச் சட்டம் கத்தோலிக்கருக்கு அரசாங்கப் பதவிகளை மறுத்திருந்தது. பதவி வேட்டையிற் செலவாகியிருக்கக்கூடிய பொருளும் பொழுதும் பழஞ்சிலைகளைத் தேடுவதிற் செலவாயின. அவருடைய இலண்டன் மாளிகை சிலைகளால் நிறைந்தது. 1780ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கத்தோலிக்கருக்கு எதிராகக் கோர்டன் கலகம் மூண்டபோது, தம் வீடும் தாக்கப்படும் என்று அஞ்சிய அவர் மற்றெல்லாச் சிலைகளையும் விட்டு இதனை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார் என்றும், தம் மனைவியைத் தாம் காத்தாகவேண்டும் என்று சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவர் மணஞ்செய்யாது வாழ்ந்தவர் என்பதை அறிந்தாற்றான் இக்கதையின் சுவை விளங்கும். கதை எவ்வாறாயினும், சொஃபானி என்னும் ஓவியர் அவரைத் தம் நூலகத்திற் சிலைகள் சூழ இருப்பவராகத் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், அவர் அருகே மேசைமீது வீற்றிருப்பவள் இவளே. 1805ஆம் ஆண்டில் டவுண்லி இறந்தபின் அவருடைய சலவைக்கற் சிலைகளைப் பிரித்தானிய நூதனசாலை இருபதினாயிரம் பவுண் கொடுத்து வாங்கியது. அவற்றோடு இவளும் அங்குச் சென்றாள்.

இனி, இவள் யார் என்பதை நோக்குவோம். டவுண்லியே இவளை ஒரு பெயரால் அழைத்தாரல்லர். ஒரு காலத்தில் அக்கிரிப்பினா என்னும் உரோம அரசகுலப் பெண் என்றார். பின்னர்த் தாமரைமீது தோன்றும் ஐசிஸ் தேவி என்றார். தாமரைமேல் ஒரு தெய்வமங்கை என்றவுடன் நமக்குத் திருமகளின் நினைவு வருதல் இயல்பு. எகிப்திய ஆராய்ச்சியில் ஆர்வங்கொண்டிருந்த அக்கால ஐரோப்பியருக்கு ஐசிஸின் நினைவு வந்தது. ஈற்றிலே கிளித்தி என்னும் பெயர் நிலைத்தது. இக்கால ஆராய்ச்சியாளரோ கூந்தல் முடிப்பின் பாங்கை நோக்கி, இது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய உருவம் என்றும், மார்க்கு அந்தோனியின் இளைய மகள் அந்தோனியாவாக இருக்கலாம் என்றும் கூறுவர். ஆடை நெகிழ்ந்த பகுதியைக் காண்போர் உள்ளத்தைக் கவரும்பொருட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டிலே மீளவும் செதுக்கியிருப்பர் என்று ஐயுறுவாரும் உளர். சிலை முழுதுமே அந்நூற்றாண்டின் வேலை என்று வாதித்தாரும் உண்டு. ஆக, எதனை மூலம் என்று நாம் மதித்துப் போற்றுகின்றோமோ அதுவே பலருடைய கைகளாலும் கருத்துகளாலும் திரும்பத் திரும்ப ஆக்கப்பட்ட ஒன்றாயிருக்கின்றது. இதனை மனத்திற் கொண்டு கிளித்தியின் கதைக்கு வருவோம்.

கிளித்தி கதிரவனைக் காதலித்தாள். கதிரவன் உள்ளமோ லியூக்கோதோயி என்னும் அரசகுமாரியின்பாற் சென்றது. பொறாமையால் வெதும்பிய கிளித்தி அக்களவொழுக்கத்தைப் பரப்பி, அப்பெண்ணின் தந்தை செவியிலும் எட்டச்செய்தாள். சினங்கொண்ட தந்தை பெற்ற மகளை உயிரோடு குழிதோண்டிப் புதைத்தான். கதிரவன் தன் கதிர்களாலே மண்ணைப் பிளந்து அவளை மீட்க முயன்றும் இயலாமற்போகவே, அவள் உடல் கிடந்த இடத்திலே நறும்புகை தருங் குந்திருக்கச் செடி முளைக்குமாறு செய்தான். கிளித்தியை அவன் மீண்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உண்ணாது பருகாது, பனிநீரும் கண்ணீருமே உணவாக, வெறுந்தரையில் ஒன்பது நாள் இருந்து, வானிற் செல்லும் அவன் முகத்தையே நோக்கித் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பின்னர் அவள் உடல் தரையோடு வேர்கொண்டது, முகம் மலராயிற்று. மலரான பின்னும் அவள் கதிரவன் செல்லும் திசை நோக்கித் திரும்புகின்றாள் என்று ஓவித் முடிக்கின்றான்.

அம்மலர் எது? பீங்கானிற் கண்டோர் பலர் சூரியகாந்தி என்றே கொண்டனர். ஆனால் சூரியகாந்தி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு அக்கடலைக் கடந்த பின்னரே அது ஐரோப்பாவுக்கு வந்தது. ஓவித் அதனைக் கண்டிருத்தல் இயலாது. அவன் குறித்தது ஊதாப்பூவை ஒத்த ஒரு சிறு மலரையே. நம் சங்கச் செய்யுள்களிலே ஞாயிற்றை எதிர்கொண்டு மலரும் நெருஞ்சி பேசப்படுவதைத் தமிழ் கற்றோர் அறிவர். வெயிலின் திசைக்குத் திரும்பும் சிறு பூவைக் கண்டு ஈரிடத்துப் புலவரும் தனித்தனியே உள்ளம் நெகிழ்ந்தனர். தமிழ்ப் புலவன் அதனைப் புரவலன் மார்பை நோக்கி மலரும் வறிய புலவரின் உண்கலத்துக்கு உவமை ஆக்கினான். உரோமப் புலவன் அதனுள் ஒரு பெண்ணின் குற்றத்தையும் தண்டனையையும் வைத்தான்.

இப்பொழுது பீங்கானுக்கு வருவோம். மெருகுப் பூச்சில்லாத வெண்பீங்கானிற் சிற்றுருவங்கள் செய்யும் வழக்கம் பிரான்சு நாட்டுச் செவ்ர் தொழிற்சாலையிலே பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. இங்கிலாந்திலே டார்பி நகரத்தாரும் அதனைச் செய்தனர். அந்த டார்பிப் பீங்கானின் பக்குவத்தை மீளக் கண்டறிய முயன்றபோதே, 1840களின் தொடக்கத்தில், ஸ்ரோக் நகரத்துக் கோப்லண்ட் தொழிற்சாலையார் புதியதொரு பீங்கானைப் பெற்றனர். வெண்களிமண்ணோடு பெல்சுபார் என்னுங் கல்லின் தூளை மிகுதியாகச் சேர்த்துச் சுடுவதால், அது கண்ணைப் பறிக்கும் வெண்மையின்றிப் பாலாடை போன்ற நிறமும், உள்ளே ஒளி சிறிது ஊடுருவும் தன்மையும் பெற்றது. தொட்டால் வழவழப்பாயினும் கண்ணாடிபோல் மின்னாது. சலவைக்கல்லின் சாயலை இவ்வளவு நெருங்கிய மண் அதற்குமுன் இல்லை. கோப்லண்ட் நிறுவனத்தார் அதனைச் சிலைப்பீங்கான் என்றனர். அவர்தம் போட்டியாளராகிய மின்றன் நிறுவனத்தார், புகழ்பெற்ற சலவைக்கல் கிடைக்கும் பாரொஸ் தீவின் பெயரால் பாரியன் என்று பெயரிட்டனர். வணிகர் வைத்த அப்பெயரே நிலைத்தது. சலவைக்கல்லுக்கு அடுத்த சிறந்த பொருள் இதுவே என்று யோன் கிப்சன் என்னும் பெருஞ்சிற்பி பாராட்டினார். பாராட்டியதோடு நில்லாது தம் நார்சிசு சிலையைச் சிறுவடிவிற் செய்தற்கும் இசைந்தார்.

இப்பீங்கானிற் சிலை செய்யும் முறை கேட்டற்கு இனியது. செதுக்குதல் என்பது அங்கு இல்லை. முதலிலே மாதிரியுருவைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிதோறும் பாரிஸ் சாந்தினால் அச்சு எடுப்பர். களிமண்ணை நீரிற் கரைத்துப் பாலேடுபோற் குழம்பாக்கி அவ்வச்சுகளில் ஊற்றுவர். சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரை ஒட்டி மண் ஒரு தோலாகப் படியும். வேண்டிய தடிப்பு வந்தவுடன் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர். ஆதலால் இச்சிலைகள் யாவும் உள்ளே வெறுமையானவை. பகுதிகளை அச்சிலிருந்து எடுத்து, அதே குழம்பையே பசையாகக் கொண்டு ஒட்டிப் பொருத்து வரைகளை அழித்து மட்டஞ்செய்வர். இவ்வேலையிலே கை சற்றுப் பிசகினாலும் இதழ் ஓரமோ இமை விளிம்போ மழுங்கிவிடும். பின்னர்ச் சூளை. சூளையிலே மண் இளகும்போது கழுத்தும் தோளும் சரிந்துவிடாதபடி முட்டுக் கொடுத்தல் வேண்டும். அம்முட்டுகளும் அதே மண்ணாற் செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும். ஏனெனில், சிலை உலர்ந்து சுடப்படுகையிற் சுருங்கும். முட்டும் அதனோடு ஒத்த அளவிற் சுருங்காவிட்டால் சிலை வெடிக்கும். இரண்டடி உயரமான மாதிரியுரு சூளையினின்றும் வெளிவருகையில் ஒன்றரையடியாகிவிடும். உயரத்தில் நாலிலொரு பங்கு குறைகின்றதெனின், அகலத்திலும் ஆழத்திலும் அவ்வாறே குறைதலால், மொத்தக் கன அளவிற் பாதிக்குமேல் மறைந்துபோகின்றது. கணிதம் கற்பிப்போர் இதனை வகுப்பிற் கணக்காகக் கொடுக்கலாம்.

சிற்பி ஒருவன் சலவைக்கல்லிற் செதுக்கியது உளி நின்ற இடத்தில் நிற்கும். பீங்கானிலோ தீயும் ஒரு கை வைக்கின்றது. கூந்தல் நெளிவுகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. கூரிய விளிம்புகள் மென்மையடைகின்றன. கன்னத்துக்கும் மோவாய்க்கும் இடையேயுள்ள சிறு மேடுபள்ளங்கள் கரைகின்றன. சலவைக்கல்லிற் பருவம் முதிர்ந்த பெண்ணாகத் தோன்றுபவள் பீங்கானிற் பதினாறு வயதுப் பெண்ணாகிவிடுகின்றாள். உருவம் சிறிதானதும் இதற்குத் துணைசெய்கின்றது. நூதனசாலையிலே அவள் நம் அளவினள். அவள்முன் நாம் நிற்கின்றோம். வீட்டு மேசைமீதோ அவளை நாம் மேலிருந்து பார்க்கின்றோம். அவ்வாறு பார்க்கையிலே அவளுடைய தலைசாய்வு வேறு பொருள் கொள்கின்றது. நெடிய சிந்தனையாக இருந்தது நாணமும் பணிவுமாகத் தோன்றுகின்றது. அளவைக் குறைத்தமையாலேயே பொருளும் மாறுமாயின், அதனைப் பிரதி என்பதினும் புதிய உரை என்பதே பொருந்தும். பழஞ்செய்யுளுக்குப் பின்வந்த உரையாசிரியன் கண்ட பொருளைப் போன்றது இது.

அவ்வுரை எவ்வாறு பரவியது என்பதும் அறியத்தக்கது. இலண்டன் கலைச்சங்கம் 1837ஆம் ஆண்டளவிலே தோன்றியது. ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது ஒரு பவுண் ஒரு சிலின், சந்தாவாகச் செலுத்திய ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சுச்சித்திரம் கிடைக்கும். அதற்குமேற் சீட்டுக் குலுக்கி, பேறுபெற்றோருக்கு ஓவியங்களும் சிலைகளும் பரிசாக வழங்குவர். இது சூதாட்டம் ஆகாதோ என்னும் வினா எழுந்தது. 1846ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்று இயற்றி இத்தகைய சங்கங்களுக்கு இடங்கொடுத்தது. கிளித்தி இச்சங்கத்தின் பரிசுப் பொருள்களுள் ஒன்றாகப் பெரும் புகழ் பெற்றாள். நிலக்கிழார் ஒருவர் இத்தாலிவரை சென்று பெரும்பொருள் கொடுத்து வாங்கியது, ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடைக்காரரும் தம் வீட்டிலே கண்ணாடிக் கவிகைக்குள் வைத்துப் போற்றும் பொருளாயிற்று. நூதனசாலை அறிஞர் அவள் பெயரைப்பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க, வீடுகளில் அவ்வாதம் முடிந்துபோயிற்று. அங்கே அவள் கிளித்தியே. பீங்கான் கொடுத்த உறுதி அது.

இதனை இகழ்வாரும் உளர். அச்சில் வார்த்த பொருளிற் கலை ஏது, வீட்டு அலங்காரந்தானே என்பர். யான் அவ்வாறு எண்ணேன். பிரித்தானிய நூதனசாலையிலேயே, நம் நாட்டுக் கிழக்குக் கரைப் பகுதியிற் கிடைத்த, பொன்முலாம் பூசிய தாராதேவியின் பேருருவம் ஒன்றும் இருக்கின்றது. தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் அதனை 1830ஆம் ஆண்டில் அங்குக் கொடுத்தார். நம் மாணவருள் எத்தனை பேர் அவ்வுருவின்முன் நிற்கப்போகின்றனர்? புத்தகத்திலுள்ள படமே அவர்களுக்குத் தாராதேவி. பாடசாலை ஒன்றை நடாத்துபவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: சுவரிலே தொங்கும் நிழற்படத்தைக் காட்டிலும், சுற்றி வந்து பார்க்கக்கூடிய ஒரு சாந்துப் பிரதி பிள்ளைகளுக்குப் பன்மடங்கு பயன்தரும். சிற்பத்துக்குப் பின்புறமும் உண்டு என்பதைப் படம் கற்பிப்பதில்லை.

எனினும் கிளித்தியின் பீங்கான்மீது எனக்கொரு மனக்குறை உண்டு. அது லியூக்கோதோயியை மறக்கச் செய்துவிட்டது. ஓவித் பாடிய கதையில் இரு பெண்கள் உளர். ஒருத்தி காட்டிக்கொடுத்தாள், ஒருத்தி மண்ணுக்குள் மூச்சடங்கி மாண்டாள். காட்டிக்கொடுத்தவள் மலரான பகுதி மட்டும் மேசைமீது வந்து அமர்ந்தது. அதனைக் கண்டோர் காதலின் மாறாத பற்றுக்கு அவளை ஓர் அடையாளமாக்கினர். மாறாத பற்று அவளிடம் இருந்தது உண்மையே. ஆயின், அப்பற்றுத்தான் ஓர் இளம்பெண்ணைக் குழியில் இறக்கியது. சலவைக்கல்லுக்கு இக்குறையைச் சொல்ல இயலாது. ஏனெனில் அதனைச் செதுக்கியவன் கிளித்தியை எண்ணியே செதுக்கினான் என்பதற்குச் சான்றில்லை. அவன் ஓர் உரோமப் பெருமாட்டியின் முகத்தைச் செதுக்கியிருக்கலாம். பீங்கானோ கிளித்தி என்னும் பெயரைத் தானே ஏற்றுக்கொண்டது. பெயரை ஏற்றபின் அக்கதையின் இருளையும் ஏற்றிருத்தல் வேண்டும். தாழ்ந்த விழிகளுக்கு நாணம் என்று பொருள்கொண்ட அவ்வீடுகளில் எவரேனும் ஒருவர், இவள் எதனை நினைத்துத் தலைகுனிகின்றாள் என்று தம் பிள்ளைகளுக்குச் சொன்னாரோ என்னவோ.

இக்குறையை அக்காலத்தவர் ஒருவர் உணர்ந்திருத்தல் கூடும். யோர்ச் பிரடெரிக் வாட்ஸ் என்னும் ஓவியர், தூரிகையை விட்டு உளியைக் கையிலெடுத்து, 1868ஆம் ஆண்டில் ஒரு கிளித்தியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். அதுவும் மார்பளவுச் சிலையே. அங்கும் அவளைச் சுற்றி இதழ்கள் உண்டு. ஆனால் அவள் தோள்கள் வலியவை. கழுத்துத் தசைகள் முறுக்கேறியிருக்கின்றன. தன்னைப் பாராது போகும் கதிரவனைப் பார்க்கும்பொருட்டுத் தோளுக்கு மேலாகத் தலையை வலிந்து திருப்புகின்றாள். உடல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டமையால் முகம் மட்டுமே திரும்ப முடிகின்றது. அச்சிலையின் சலவைக்கல் வடிவம் இலண்டனிலே கில்ட்ஹோல் கலைக்கூடத்தில் இருக்கின்றது. டெல்பெஷின் பீங்கான் பிறந்த ஸ்ரோக் தொழிற்சாலை 2008ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கு வார்த்த கிளித்திகள் பழம்பொருள் விற்போரிடத்தும் நூதனசாலைகளிலும் இன்றும் காணப்படுகின்றனர். அவர்களுள் ஒருத்தியை முதலிற் கண்டு, அதன்பின் வாட்ஸின் சிலைமுன் சென்று நிற்பவர், ஒரே பெயர் தாங்கிய வேறு வேறு பெண்கள் இருவரைக் காண்பர். முதலாமவளைப் பார்க்கும்போது எழாத கேள்வியெல்லாம் இரண்டாமவள் முன் நிற்கும்போது எழும்.